குடியை நிறுத்தும் சிகிச்சையில் உடலை யார் கவனிப்பது?

மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை தேடி வரும் குடும்பங்கள் இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும். கால் வீக்கத்திற்கோ வயிற்று வலிக்கோ பொது மருத்துவரிடம் சென்றால், "முதலில் குடியை நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது ஒன்று. குடியை நிறுத்துவதற்காக மனநல மருத்துவப் பிரிவுக்குச் சென்றால், "முதலில் கல்லீரலைக் காட்டிவிட்டு வாருங்கள்" என்பது மற்றொன்று. இரண்டு கூற்றுகளிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் இவ்விரு வரிசைகளுக்கும் நடுவே அலையும் நோயாளி மூன்றாம் நாள் இரண்டையும் விட்டுவிட்டு மதுக்கடை வரிசையில் போய் நிற்கிறார். அந்த வரிசையில் அவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை.

குடிநோய்க்கான மருத்துவமும் உடல்நோய்க்கான மருத்துவமும் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே நேரத்தில், ஒரே குழுவின் பார்வையில் நடக்க வேண்டியவை. அது ஏன் என்பதையும், அதில் குடும்பத்தார் செய்யக்கூடியது என்ன என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

இதனை முறையாக ஆராய்ந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2001ஆம் ஆண்டு வெளியாயின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாக்ரமெண்டோ நகரில் மது, போதைப்பொருள் சிகிச்சைக்கு வந்த 592 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடல்நல மருத்துவமும் அச்சிகிச்சை மையத்திலேயே அளிக்கப்பட்டது. மற்றவர்கள் வழக்கம்போல் வேறிடத்தில் தம் மருத்துவரைப் பார்த்துக்கொண்டனர். ஆறு மாதங்களுக்குப் பின் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மதுவாலோ போதைப்பொருளாலோ வரும் உடல்நோய் ஏற்கெனவே இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களுள் 69 விழுக்காட்டினரும், தனித்தனியே பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினரும் போதையின்றி இருந்தனர். நூற்றுக்குப் பதினான்கு பேர் என்றால் பதினான்கு வீடுகள். உடல் கெட்ட பிறகே சிகிச்சைக்கு வருவது நம்மிடையே பெருவழக்கு ஆதலால், அந்த இரண்டாம் கணக்கே நமக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

முதல் நான்கு நாட்கள்

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென நிறுத்தினால், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்கு இடம், பொழுது தெரியாத குழப்பமும், இல்லாதவை கண்முன் தோன்றும் நிலையும், கடுங்காய்ச்சலும் உண்டாகலாம். இந்நிலை உயிருக்கே ஆபத்தானது.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டும், மாலை அணிந்தும் ஒரே நாளில் குடியை விடுவோர் நம்மிடையே பலர். அந்த உறுதியைக் குறை சொல்லலாகாது. பல குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. காலையில் கண்விழித்ததும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்த பின்னரே நடுக்கம் அடங்கும் நிலையில் இருப்பவர் மட்டும் மாலை அணியும் நாளுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்க்கு இது கட்டாயம்.

இங்கேயே உடல் குறுக்கிடுகிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கத் தரப்படும் டயாசெபாம், குளோர்டயசெபாக்சைடு ஆகிய மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். கல்லீரல் பழுதுபட்டிருந்தால் அவை உடலில் தேங்கி நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும். அப்போது லோராசெபாம் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சேர்க்கை நாளன்றே இரத்தப் பரிசோதனை எடுப்பது இதன் பொருட்டே. "குடியை நிறுத்தத்தானே வந்தோம், ஊசி குத்தி இரத்தம் எடுப்பது எதற்கு?" என்று கேட்கும் குடும்பத்தாருக்கு இதுவே விடை.

அரிசியின் உமியிலிருந்து வந்த பாடம்

சேர்ந்த முதல் நாளில் ஏற்றப்படும் ஊசிகளுள் ஒன்று தயமின், அதாவது பி1 உயிர்ச்சத்து. குடும்பத்தார் இதனை ஏதோ சத்து ஊசி என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதிக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி என்னும் நோய் பரவியிருந்தது. கால் மரத்துப்போதல், வீக்கம், இதயச் செயலிழப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அங்குள்ளோர் தீட்டிய பச்சரிசியை உண்டனர். புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அந்நோய் அரிதாகவே இருந்தது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசனின் ஆய்வகம் இதனை ஆராய்ந்தது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். நம் பாட்டிமார் அவித்துக் காயவைத்த நெல்லின் பயன் இது.

மிகுதியாகக் குடிப்பவர் புழுங்கலரிசி நாட்டில் வாழ்ந்தாலும் அவருடைய உடலில் இந்தச் சத்து சேர்வதில்லை. அவர் சோறு உண்பதே குறைவு. உண்டதிலிருந்து தயமினைக் குடல் உறிஞ்சுவதையும் மது தடுக்கிறது. உடலில் உள்ள இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் மூளையின் சில பகுதிகள் பழுதடைகின்றன. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த இந்நோயில் மனக்குழப்பம், கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்ட நடை ஆகிய மூன்றும் காணப்படும் என்று பாடநூல்கள் கூறும். ஆனால் மூன்றும் ஒருசேரத் தெரிவது சிறுபான்மையோரிடம்தான். தள்ளாடுபவர், உளறுபவர் என்றால் குடித்திருக்கிறார் என்றே எவரும் எண்ணுவர். நோய் அந்த எண்ணத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. உரிய நேரத்தில் தயமின் ஊசி செலுத்தினால் பெரும்பாலும் மீளலாம். காலம் தாழ்ந்தால் புதிதாக நடந்த எதுவும் நினைவில் நில்லாத நிலை நிரந்தரமாகிவிடக்கூடும், காலையில் வந்துபோன மகளை மாலையில் "ஏன் வரவே இல்லை?" என்று கேட்பார்.

மயங்கிக் கிடப்பவருக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி உறவினர் வற்புறுத்துவது வழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் தேவை. மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதில் செலவாகிவிடும் என்பதால், தயமினை முன்னரோ உடன்சேர்த்தோ தருவது மருத்துவ முறை. எனவே அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி, "இவர் நாள்தோறும் குடிப்பவர், இத்தனை நாட்களாகச் சரியாக உண்ணவில்லை" என்பது. வெட்கத்தால் இதை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மருத்துவர் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மருந்தின் வரிசையே மாறும்.

போதை போலத் தோன்றும் வேறு நோய்களும் உள்ளன. சில நாட்களுக்கு முன் கீழே விழுந்தவரின் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே இரத்தம் மெல்லக் கசிந்து கட்டியிருக்கலாம். சர்க்கரை மாத்திரை உண்டு, சோறு உண்ணாமல் குடித்தவருக்கு இரத்தச் சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறைந்திருக்கலாம். வெறும் வயிற்றில் மது, கல்லீரல் சர்க்கரையை உருவாக்குவதைத் தடுத்துவிடும். பழுதுபட்ட கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளையை மந்தப்படுத்தியிருக்கலாம். இதன் தொடக்க அறிகுறி, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருத்தல். வழக்கத்தைவிடக் குறைவாகக் குடித்தும் வழக்கத்தைவிட மிகுதியாகத் தள்ளாடினால், அல்லது குடிக்காத நாளிலும் உளறினால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள்.

கல்லீரலும் பத்தியமும்

கல்லீரலில் முதலில் கொழுப்பு படிகிறது. குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இது பெரும்பாலும் கரைந்துவிடும். உடலின் பெருந்தன்மை இது. தொடர்ந்தால் அழற்சியும் தழும்பும் உண்டாகி, இறுதியில் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் ஏற்படுகிறது. தழும்பு முழுவதும் மறைவதில்லை. ஆயினும் அந்த நிலையிலும் குடியை நிறுத்தியவர்கள் நிறுத்தாதவர்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். "கல்லீரல் போய்விட்டது, இனி நிறுத்தி என்ன பயன்?" என்று நோயாளியே கேட்பதுண்டு. பயன் உண்டு.

இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதை வைத்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று கொண்டாடுவோரும் உளர். சிரோசிஸ் முற்றிய சிலருக்கும் அந்த எண்கள் இயல்பாக இருக்கக்கூடும். ஸ்கேனையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருவார். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கீழாநெல்லியோடு எனக்கு வழக்கில்லை; அதை உண்டுகொண்டு காத்திருக்கும் மூன்று வாரங்களோடுதான் வழக்கு. மஞ்சள் காமாலை, வயிறு உப்புதல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பத்தியத்தைப்பற்றி ஒரு செய்தி. கல்லீரல் நோயாளிக்குக் கஞ்சியும் மோரும் இளநீரும் மட்டும் கொடுத்து, முட்டை, மீன், பருப்பு அனைத்தையும் நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அன்பினால் செய்யப்படும் தவறு இது. சிரோசிஸ் உள்ளவரின் தசைகள் வேகமாகக் கரைகின்றன. நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலுக்கு நேரும் நிலை, இவருக்கு ஓரிரவு உண்ணாதிருந்தாலே வந்துவிடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம் அளவே. ஆகவே பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை நாள் முழுவதும் பிரித்துத் தர வேண்டும். உறங்குமுன் பாலும் இரண்டு இட்லியும் போலச் சிறிதளவு உணவு தவறாமல் வேண்டும். உப்பைக் குறைக்கும் பத்தியம் சரியானது: வயிற்றில் நீர் கோத்தவர்க்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகாது.

இருமலும் மாத்திரைகளும்

மிகுதியாகக் குடிப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆய்வாளர்கள் "மிகுதி" என்று வரையறுத்தது நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேற்பட்ட தூய ஆல்கஹால். நம் ஊரில் குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் இருக்கிறது. எனவே இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேட்டுப் பெறுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம்.

காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. மதுவும் சேர்ந்தால் ஆபத்து மிகும். இதனை அரைகுறையாக அறிந்தவர்கள், குடிக்கும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். விட்டுவிட்டு உண்ணும் மாத்திரையால் கிருமி எதிர்ப்பாற்றல் பெறுகிறது. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அதே கிருமி பரவக்கூடும். குடித்துவிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். குமட்டல், பசியின்மை, சிறுநீர் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

ஓபியாய்டு போதைப்பழக்கத்திற்குப் பியூப்ரெநார்ஃபின் மாத்திரை பெறுவோருக்கு இதில் மற்றொரு சிக்கல் உண்டு. ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். நன்றாக இருந்தவர் காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் உடல்வலி, கொட்டாவி, தூக்கமின்மை என்று தவித்து மீண்டும் போதையைத் தேடினால், அவர் மனவுறுதி இழந்தார் என்று வீட்டார் திட்டுவர். உண்மையில் இரு மருந்துகள் மோதிக்கொண்டன. இரு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஊசிவழிப் போதைக்கு ஆளானவர்கள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் சி இன்று குணமாகும் நோய். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அம்மாத்திரைகள் இலவசம். ஹெபடைடிஸ் பி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை

குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையை நோயாளிக்குத் தெரியாமல் குழம்பிலோ காப்பியிலோ கலந்து தரும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. டைசல்பிரம் என்னும் அம்மாத்திரையை உண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழும். இதயநோய் உள்ளவருக்கு இது உயிரைப் பறிக்கலாம். அம்மருந்தே அரிதாகக் கல்லீரல் அழற்சியையும் உண்டாக்கும். நோயாளி அறிந்து, ஒப்பி, பரிசோதனைகள் முடிந்த பின் தரப்படும்போதுதான் அது மருந்து. கலந்து கொடுக்கும் தாய்மாரின் துயரம் புரிகிறது. ஆயினும் கொடுக்கக் கூடாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வழிகள் உண்டு. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், பாக்லோஃபென் என மருந்துகள் பல. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஒன்று ஆகாது, ஓபியாய்டு வலிமருந்து உண்பவருக்கு மற்றொன்று ஆகாது. எதைத் தருவது என்பதை மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

புகையிலையைப்பற்றியும் ஒரு சொல். "குடியை விடட்டும், பீடியாவது இருக்கட்டும்" என்பது கருணையாகத் தோன்றும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் குடிநோய்ச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1996இல் வெளியானது. இறந்தோருள் பாதிக்கும் சற்று மேற்பட்டோரின் மரணத்துக்குக் காரணம் புகையிலை சார்ந்த நோய்கள். மது சார்ந்தவை மூன்றில் ஒரு பங்கு.

வரும்போது கொண்டுவர வேண்டியவை

நோயாளி உண்ணும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெறுபவராயின் அந்த அட்டையும் வேண்டும். குடியை நிறுத்திய சில வாரங்களில் இரத்த அழுத்தம் தானே குறைவதால், பழைய அளவு மாத்திரையே தலைசுற்றலைத் தரக்கூடும். கடைசியாக எப்போது குடித்தார், எப்போது நன்றாக உண்டார், எப்போது விழுந்தார் என்னும் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்னும் தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

வீடு திரும்பும் நாளில், அடுத்த கல்லீரல் பரிசோதனை எந்நாள், எந்த மாத்திரையை யார் மாற்றலாம், எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பவற்றை ஒரே தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும், அத்தாளைக் காட்டுங்கள். இடையில் அவர் மீண்டும் குடித்துவிட்டால், அதற்காகப் பரிசோதனை நாளைத் தள்ளிப்போட வேண்டாம். குறித்த நாளில், அதே தாளோடு அழைத்து வாருங்கள்.